விடைகளை மூடிவிட்டுப் படியுங்கள்

கேள்வி: மருத்துவக் கல்லூரித் தேர்வில் 100 மாணவர்களில் 90 பேர் சரியாக எழுதிய எம்.சி.கியூ.வை (கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியை) கேள்வி வங்கியிலிருந்து நீக்கிவிடலாமா?

பதில்: டிஃபிகல்ட்டி இன்டெக்ஸ், அதாவது நூற்றுக்கு எத்தனை பேர் சரியாக எழுதினார்கள் என்ற கணக்கு, 30 முதல் 70க்குள் இருக்க வேண்டும் என்று எங்கோ கேட்டுவிட்டு வருகிற சந்தேகம் இது. அனாபிலாக்ஸிஸுக்கு (உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமைக்கு) முதலில் அட்ரினலின் என்பது எல்லாருக்கும் தெரிந்தே ஆக வேண்டும். அப்படிப்பட்ட கேள்வியென்றால் இருக்கட்டும். தவறவிட்ட 10 பேரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: டிஸ்கிரிமினேஷன் இன்டெக்ஸ் (நன்றாகப் படிப்பவரையும் படிக்காதவரையும் கேள்வி எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்ற எண்) மைனஸில் வந்திருக்கிறதே?

பதில்: முதலில் ஆன்ஸர் கீயைப் பாருங்கள். கீ சரியென்றால், நன்றாகப் படிப்பவர்களைக் குழப்பும் இன்னொரு சரியான விடை உள்ளே ஒளிந்திருக்கும். தேர்வு எழுதியதே 25 பேர் என்றால் அந்த எண்ணை மட்டும் நம்பி எதையும் தூக்காதீர்கள்.

கேள்வி: நான்கு விடைகளுக்குப் பதில் மூன்று போதுமா?

பதில்: போதும். 2005இல் வந்த ஆய்வாளர் ராட்ரிகஸின் தொகுப்பாய்வும் அதைத்தான் சொன்னது. நூற்றில் ஐந்து பேர்கூடத் தொடாத விடை வெறும் இடத்தை அடைக்கிறது.

கேள்வி: 'டெங்கு பற்றிச் சரியானது எது?' என்ற என் கேள்வியை ரிவ்யூ கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது. ஸ்பெல்லிங் பிழைகூட இல்லை!

பதில்: ஸ்பெல்லிங் பார்க்கவா கமிட்டி? அவர்களுக்கு என் வணக்கம். விடைகளைக் கையால் மூடிவிட்டுப் படியுங்கள். பதில் சொல்ல வருகிறதா? வராது, அங்கே கேள்வியே இல்லை. கொசுவின் பெயர், வைரஸின் குடும்பம் என்று நான்கு தனித்தனி சரியா-தவறாக்களை ஒன்றாகக் கட்டியிருக்கிறீர்கள். இதில் தேறியவர் வார்டில் என்ன செய்வார் என்று யாருக்குத் தெரியும்? இப்படி எழுதிப் பாருங்கள்: 25 வயது ஆண், ஐந்து நாள் காய்ச்சல் இன்று விட்டிருக்கிறது, வயிற்றுவலியும் வாந்தியும் நிற்கவில்லை, ஹெமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம்) 40இலிருந்து 48க்கு ஏறியிருக்கிறது, பிளேட்லெட் 40,000, ரத்தக்கசிவு இல்லை. அடுத்து என்ன செய்வீர்கள்? மூடினாலும் விடை வரும்: சலைன் டிரிப். பக்கத்திலேயே 'பிளேட்லெட் ஏற்றுவது' என்று ஒன்றை வையுங்கள்; அரைகுறையாகப் படித்தவர்கள் அதில்தான் விழுவார்கள். சி.பி.எம்.இ. (திறன் அடிப்படையிலான மருத்துவக் கல்வி) வந்தது 2019இல். இன்னமும் பழைய கைடைப் பிரித்துவைத்து 'எது தவறு', 'மேற்கண்ட அனைத்தும்' என்று காப்பியடித்துக்கொண்டிருக்கிறோம். 'அனைத்தும்' இருந்தால் இரண்டு சரியென்று தெரிந்தாலே போதும், மூன்றாவதைப் படிக்காமலே மதிப்பெண்.

கேள்வி: 40 கேள்விகள் இணைத்துள்ளேன். அடுத்த வாரம் தேர்வு. தரம் பார்த்துச் சொல்லவும்.

பதில்: எந்த ஆண்டு மாணவர்களுக்கு? எந்தப் பாடத்திறனுக்கு? விடை எது? ஒன்றும் எழுதவில்லை. கீ இல்லாமல் நானே விடை போட்டுப் பார்த்தேன்: பெரும்பாலானவற்றில் இருப்பதிலேயே நீளமான விடைதான் சரி. புத்தகத்தைத் தொடாதவர்களும் பாஸ். இது அச்சாவதற்குள் உங்கள் தேர்வு முடிந்திருக்கும். சப்ளிமெண்டரிக்காவது சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்து, விடைகளை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். எனக்கு அனுப்புவதென்றால் கீயோடு அனுப்புங்கள்.