செல்வநாயகம் ஏமாந்தாரா?

கேள்வி: இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வா, அதாவது எஸ்.ஜே.வி.செல்வநாயகம், கொழும்பில் நல்ல வருமானத்தோடு இருந்த சிவில் வக்கீல். அரசியலுக்கு வந்து இரண்டு பிரதமர்களோடு ஒப்பந்தம் போட்டார், இரண்டுமே குப்பைக்குப் போயின. பத்திரம் படிக்கத் தெரிந்த ஒரு வக்கீல் இப்படி ஏமாறலாமா? அவர் கோர்ட்டோடு நின்றிருந்தால் அவருக்கும் நல்லது, தமிழர்களுக்கும் நல்லது.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: அவருக்கு நல்லதாக இருந்திருக்கும், அதில் சந்தேகமே இல்லை. 1947-ல் மூத்த வக்கீல்களுக்குத் தரும் கிங்ஸ் கவுன்சில் பட்டம் வாங்கியவர், காணி வழக்கு, சொத்து வழக்கு என்று கட்சிக்காரர்கள் தேடி வந்த அப்புக்காத்து (வழக்கறிஞர்). மேடையில் குரல் எழும்பாது. கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சு ஜி.ஜி.பொன்னம்பலத்துக்குக் கைவந்தது, இவருக்கு வராது. அந்தப் பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரஸில்தான் 1947-ல் காங்கேசன்துறையில் நின்று ஜெயித்து நாடாளுமன்றம் போனார்.

ஆனால் தமிழர்களுக்கு நல்லது என்கிறீர்களே, அதை என்னால் ஏற்க முடியாது. 1948-ல் வந்த குடியுரிமைச் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். இலங்கையிலேயே பிறந்த ஒருவர்கூட, தன் அப்பா இலங்கையில் பிறந்தவர் என்று காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவருக்கு அப்பாவும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். இந்தியாவிலிருந்து போன குடும்பத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்த தொழிலாளி தாத்தாவின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவார்? ஏழு லட்சம் பேர் அளவில் நாடற்றவர்கள் ஆனார்கள், அடுத்த ஆண்டே அவர்களின் ஓட்டுரிமையையும் பறித்தார்கள். பொன்னம்பலம் முதலில் அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்தான், ஆனால் அதே 1948-ல் பிரதமர் டி.எஸ்.சேனநாயக்காவின் அமைச்சரவையில் போய் அமர்ந்துவிட்டார். செல்வநாயகம் போகவில்லை. வன்னியசிங்கம், டாக்டர் நாகநாதன் ஆகியோரோடு வெளியே வந்து 1949 டிசம்பர் 18 அன்று கொழும்பு மருதானையில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

அந்த மலையகத் தொழிலாளர்களில் ஒருவரும் காங்கேசன்துறை வாக்காளர் இல்லை. அவர்களுக்காகப் பேசி அவருக்கு ஒரு ஓட்டும் கூடப் போவதில்லை, உண்மையில் 1952 தேர்தலில் தன் தொகுதியையே ஆளுங்கட்சியான யு.என்.பி.-யின் வேட்பாளர் நடேசனிடம் இழந்தார். அவரே மலேயாவின் ஈப்போவில் பிறந்து, சின்ன வயதில் தெல்லிப்பழைக்கு வந்தவர் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே பிறந்தாய், உன் தாத்தா எங்கே பிறந்தார் என்று கேட்டு ஒரு மனிதனை வெளியே தள்ளும் சட்டம் எவ்வளவு கொடூரமானது என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. என் கணக்கில் அவருடைய அரசியல் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் இதுதான். ஆனால் ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைத் தொடுவதே இல்லை.

சரி, ஒப்பந்தங்களுக்கு வருவோம். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சி மொழி என்று சட்டம் வந்தது, எதிர்த்துக் காலிமுகத் திடலில் சத்தியாகிரகம் இருந்தவர்களைக் குண்டர்கள் அடித்து விரட்டினார்கள். இத்தனைக்கும் பிறகு, 1957 ஜூலையில், அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த பிரதமர் பண்டாரநாயக்காவோடே அவர் உட்கார்ந்து பேசினார். சமஷ்டி (கூட்டாட்சி) கேட்டவர் பிரதேச சபைகளுக்கு இறங்கி வந்தார். வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகம் தமிழில் நடக்கும், குடியேற்றக் காணிகளை யாருக்குக் கொடுப்பது என்பதைப் பிரதேச சபையே முடிவு செய்யும் என்று எழுதி வாங்கினார். சொந்தக் கட்சிக்காரர்களின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு வாங்கிய உடன்பாடு அது. அதை எதிர்த்து யு.என்.பி.-யின் ஜே.ஆர்.ஜெயவர்த்தனா கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார், 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள், பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைத் தூக்கி எறிந்தார். அடுத்த மாதமே தமிழர்கள் மேல் கலவரம். இதில் கையெழுத்துப் போட்டவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள், கிழித்தவரை ஏன் விட்டுவிட்டீர்கள்? நாட்டின் பிரதமர் கையெழுத்திட்டு ஊரறிய அறிவித்த ஒன்றை நம்பியது ஏமாளித்தனம் என்றால், ஜனநாயகத்தில் யாரோடும் எதையும் பேசவே முடியாதே!

1965-ல் யு.என்.பி. தலைவர் டட்லி சேனநாயக்காவோடு போட்ட ஒப்பந்தம் வேறு கதை. அங்கே உங்கள் விமர்சனத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தக் காகிதத்தை ஊருக்குக் காட்டாமல் வைத்திருந்தார்கள், அதை நம்பித் தமிழரசுக் கட்சி அரசுக்கு ஆதரவு கொடுத்தது, அந்தக் கட்சியின் திருச்செல்வம் அமைச்சரும் ஆனார். ஒப்பந்தத்தில் சொன்ன மாவட்ட சபை வரவில்லை, 1968-ல் கட்சி அரசிலிருந்து வெளியே வந்தது. ஒரு முறை பட்ட பிறகு, மக்கள் முன் வைக்காத ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்திட்டிருக்கக் கூடாது. சிவில் வக்கீலுக்கு இது தெரியாமல் இருக்காது, அதனால்தான் எனக்கும் வருத்தம்.

அப்புறம், கோர்ட்டை விட்டு வந்தார் என்கிறீர்கள், முழுக்க விட்டு வரவும் இல்லை. 1972-ல் வந்த புதிய அரசியலமைப்பைத் தமிழர்கள் ஏற்கிறார்களா என்று என் தொகுதியிலேயே கேட்டுப் பாருங்கள் என்று சொல்லி எம்.பி. பதவியைத் துறந்தார். அரசு இரண்டு வருஷத்துக்கு மேல் இழுத்தடித்து 1975 பிப்ரவரியில்தான் இடைத்தேர்தல் வைத்தது, 16,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். பார்க்கின்சன் நோய் வந்து உடம்பு ஒடுங்கியிருந்த காலம் அது. 1976 மே மாதம் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. அந்த மாதமே அமிர்தலிங்கம் உள்ளிட்ட தமிழ்த் தலைவர்களைப் பிடித்து, ஜூரி இல்லாமல் நீதிபதிகள் மட்டுமே விசாரிக்கும் வழக்குப் போட்டார்கள். அவர்களுக்காக எழுபது பேர் அளவில் தமிழ் வழக்கறிஞர்கள் ஆஜரானார்கள். 78 வயது செல்வநாயகமும் அதில் ஒருவர், 1949-ல் அவர் விட்டுப் பிரிந்த அதே பொன்னம்பலமும் ஒருவர். வழக்கு விடுதலையில் முடிந்தது. 1977 பிப்ரவரியில் பொன்னம்பலமும் ஏப்ரலில் செல்வநாயகமும் இறந்தார்கள்.

இந்த மனிதர் கோர்ட்டோடு நின்றிருக்க வேண்டும் என்று நுவரெலியாவிலோ ஹட்டனிலோ ஒரு தோட்டத்துக் குடும்பத்திடம் சொல்லிப் பாருங்கள், அவர்கள் ஒப்புக்கொண்டால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.