2.45 லட்சத்தில் எல்லாம் அடக்கமா?

கேள்வி: மேடம், நான் திருப்பூரில் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். இருவர் சம்பளமும் சேர்ந்து மாதம் 1,32,000 ரூபாய் கைக்கு வருகிறது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. வரும் மே மாதம் எங்களுக்கு 15-வது திருமண நாள். மாலத்தீவில் ஒரு பெரிய ரிசார்ட்டில் 4 இரவு தங்க, குடும்பத்துக்கு 2,45,000 ரூபாய், ‘ஆல் இன்க்ளூசிவ்’ என்று ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். “உள்ளே போய்விட்டால் பர்ஸையே தொட வேண்டாம், சாப்பாடு, குடி எல்லாம் அடக்கம்” என்று கணவர் துடிக்கிறார். நான் சைவம், மது தொடமாட்டேன். அவர் ஊருக்குப் போனால் இரண்டு பீர், அவ்வளவுதான். வீட்டுக்கடன் தவணை 31,000 போகிறது. நகைக்கடன் 1.6 லட்சம் இருக்கிறது. ஆர்.டி.யில் ஏப்ரலுக்குள் 1.8 லட்சம் சேரும். அவசரத்துக்கு என்று எஃப்.டி. 3.5 லட்சம். 5 லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று 20 மாதத்தில் 11 மாதம் கட்டியாயிற்று. இந்த மாதம் தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) 80,000 வரை போகிறது. சீட்டை எடுத்துப் போகலாமா, ஏஜென்ட் சொல்லும் ‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’யில் போகலாமா? ஏஜென்ட் அனுப்பிய ரேட் ஷீட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: நல்லவேளை, அந்த ரேட் ஷீட்டை இணைத்தீர்கள். வாட்ஸ்அப் படத்தை மட்டும் அனுப்பியிருந்தால் நானும் 2.45 லட்சத்தை வைத்துத்தான் கணக்குப் போட்டிருப்பேன்.

ஷீட்டில் அறை வாடகை ஓர் இரவுக்கு 680 டாலர். அதன் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறதே, கவனித்தீர்களா? ஓட்டல் தொழிலில் அதற்கு ‘சேவைக் கட்டணமும் வரியும் தனி’ என்று அர்த்தம். மாலத்தீவில் சேவைக் கட்டணம் 10 சதவீதம். அதையும் சேர்த்த தொகையின்மேல் சுற்றுலா ஜிஎஸ்டி. இது 2025 ஜூலை முதல் 17 சதவீதம். இரண்டும் சேர்ந்தால் 28.7 சதவீதம். 4 இரவுக்கு 2,720 டாலர் என்பது 3,500 டாலர் ஆகிவிடும். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 3,15,000. ஏஜென்ட் சொன்ன 2.45 லட்சம் வரி சேராத வெறும் அறைக் கணக்கு.

அடுத்து பசுமை வரி. ரிசார்ட் என்றால் 2025 ஜனவரி முதல் ஆளுக்கு, இரவுக்கு 12 டாலர். உங்கள் மகனுக்கும் உண்டு, இரண்டு வயதுக்குக் கீழே இருந்தால்தான் விலக்கு. நான்கு பேர், நான்கு இரவு, 192 டாலர். அப்புறம் கடல் விமானம். இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். மாலே விமான நிலையத்தில் இறங்கினால் ரிசார்ட் வந்துவிடாது. ஒவ்வொரு ரிசார்ட்டும் தனித்தனித் தீவு. நீங்கள் பார்த்திருக்கும் தீவு தொலைவில் இருப்பதால் கடல் விமானத்தில்தான் போக வேண்டும். ஷீட்டின் அடியில், பொடி எழுத்தில்: பெரியவருக்குப் போக வர 450, பிள்ளைக்கு 300. நால்வருக்கும் 1,500 டாலர், அதாவது 1,35,000 ரூபாய். கடல் விமானம் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். உங்கள் விமானம் சாயங்காலம் மாலேயில் இறங்கினால் அன்றிரவு பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் ஒரு ஓட்டல் அறைக்கும் காசு எடுத்து வைக்க வேண்டும்.

இதுவரை கூட்டினால் 4,67,000 தாண்டுகிறது. ஏஜென்ட் வழியே வாங்கும் சுற்றுலாவுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 23,000. விமான டிக்கெட் நால்வருக்கும் 88,000 என்று எழுதியிருக்கிறார். (அதில் ஆளுக்கு 100 டாலர், மாலத்தீவை விட்டுக் கிளம்புவதற்கான வரியும் விமான நிலைய மேம்பாட்டுக் கட்டணமும். போவதற்கு விசா இலவசம், வருவதற்குத்தான் காசு!) ஆக 5.78 லட்சம். இதற்கு மேல் டிசிஎஸ், அதாவது பேக்கேஜ் விற்பவர் நம்மிடம் முன்கூட்டியே வாங்கி அரசுக்குக் கட்டும் வருமான வரி. 2025-26 நிதியாண்டில் வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜுக்கு 10 லட்சம் வரை இது 5 சதவீதமாக இருந்தது, அந்தக் கணக்கில் உங்களுக்குச் சுமார் 24,500. இதைச் செலவில் சேர்க்க வேண்டாம். பான் கணக்கில் வரவாகும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், சம்பளக்காரர்கள் அலுவலகத்தில் சொன்னால் மாதாமாதம் பிடிக்கும் டிடிஎஸ்ஸிலேயே குறைத்துக்கொள்வார்கள். ஆனால் பணம் கட்டும் அன்றைக்கு அதுவும் கையில் இருக்க வேண்டும். வருமான வரி கட்டுகிறவர் யாரோ அவர் பெயரில் புக் செய்யுங்கள்.

மொத்தத்தில், 2.45 லட்சம் என்று ஆரம்பித்தது கையிலிருந்து 6 லட்சம் கேட்கிறது. ஏஜென்ட் பொய் சொன்னார் என்று சொல்லமாட்டேன். எல்லாம் ஷீட்டில் இருக்கிறது. எழுத்து மட்டும் கொஞ்சம் சின்னது.

சரி, உங்கள் கணவரின் வாதத்துக்கு வருவோம். பர்ஸைத் தொடாமல் இருப்பதில் ஒரு சுகம் உண்டு, மறுக்கவில்லை. இந்த முறையைப் பிரபலமாக்கிய கிளப் மெட் நிறுவனம் 1950-ல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கடற்கரைக் கூடாரங்களில்தான் தொடங்கியது. பிற்பாடு அவர்கள் முகாம்களில் மது வாங்கப் பணத்துக்குப் பதில் பாசிமணிகள் கொடுப்பார்கள். நீச்சல் உடையில் பர்ஸை எங்கே வைப்பது? மாலத்தீவில் இன்னொரு காரணமும் சேர்கிறது. ஒரு தீவில் ஒரே ரிசார்ட். வெளியே பெட்டிக்கடை கிடையாது, பிஸ்கட் பாக்கெட் வாங்கக்கூட அவர்களிடம்தான் போக வேண்டும். பையில் ஒரு பாட்டில் மது கொண்டுபோகலாம் என்றால் விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் பில் பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்துக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி.

அதற்கு விடையும் உங்கள் ஷீட்டிலேயே இருக்கிறது. அதே அறை, காலையும் இரவும் சாப்பாட்டோடு மட்டும் என்றால் 440 டாலர். வித்தியாசம் 240. இந்த 240-க்கு உங்கள் வீட்டு நால்வர் என்ன சாப்பிட்டுவிடப் போகிறீர்கள்? மதியச் சாப்பாடு பெரியவர்கள் 35 வீதம், பிள்ளைகள் 15 வீதம், 100 டாலர். தண்ணீர், காபி, ஜூஸ், ஐஸ்கிரீம் 50. உங்கள் கணவரின் இரண்டு பீர் 18. கூட்டினால் 168, தாராளமாக 170 என்றே வைப்போம். ஆக தினமும் 70 டாலர் யாரோ குடிக்கும் காக்டெயிலுக்கு நீங்கள் கட்டுகிறீர்கள். நான்கு நாளுக்கு, வரியோடு, 32,000 ரூபாய்க்கு மேல். இதே இடத்துக்கு ஒரு இளம் ஜோடி போய், ஆளுக்கு நான்கு காக்டெயில் 16 டாலர் வீதம் குடித்தால் அதுவே 128 ஆகிவிடும். அவர்களுக்கு ஆல் இன்க்ளூசிவ்தான் லாபம். மது தொடாத சைவக்காரர் ஒருவரும் கையளவு சோறு சாப்பிடும் இரண்டு பிள்ளைகளும் இருக்கும் குடும்பத்துக்கு அது பொருந்தாது.

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. சில வருடங்களுக்கு முன் நானும் கணவரும் அங்கே ஒரு ரிசார்ட்டுக்கு இதே திட்டத்தில் போனோம். கையில் நீல நிற பிளாஸ்டிக் பட்டை கட்டிவிட்டார்கள். இரண்டாம் நாள் கடற்கரையில் உட்கார்ந்து ஆளுக்கொரு இளநீர் கேட்டோம். பையன் வெட்டிக் கொண்டுவந்து, கூடவே ஒரு சீட்டையும் நீட்டினான், ரூம் நம்பர் போட்டுக் கையெழுத்து. ‘எல்லாம்’ என்பதில் டப்பா ஜூஸ் உண்டு, இளநீர் இல்லையாம். கிளம்பும் அன்று பார்த்தால் இளநீர், ஸ்நார்க்கெல் போட், கடல் உணவுத் தட்டுக்குக் கூடுதல் கட்டணம், இரண்டு சட்டை துவைத்த கூலி என்று 212 டாலர். தென்னை மரத்தடியில் உட்கார்ந்து இளநீருக்கு 9 டாலர் கொடுத்ததுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. இத்தனைக்கும் அவர்கள் திவேஹி மொழியில் இளநீருக்கு ‘குரும்பா’ என்றுதான் பெயர், நம் குரும்பை நினைவுக்கு வரும். 1972-ல் அந்த நாட்டில் திறந்த முதல் ரிசார்ட்டின் பெயரும் குரும்பாதான்.

இன்னொன்று. கட்டின காசுக்குச் சாப்பிட வேண்டும் என்று ஒரு வெறி வரும். என் கணவர் மூன்றாம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அறையிலேயே கிடந்தார்.

இப்போது பணம் எங்கிருந்து என்பதற்கு வருகிறேன். சீட்டை இப்போது எடுக்காதீர்கள். தள்ளு 80,000 என்றால் கைக்கு 4.20 லட்சம். கடைசியில் எடுத்தால் கம்பெனிக் கமிஷன் 5 சதவீதம் போக 4.75 லட்சம். இரண்டு வழியிலும் மீதித் தவணைகளை நீங்கள் கட்டத்தான் போகிறீர்கள். 9 மாதம் முன்னதாக வாங்குவதற்கு 55,000 ரூபாய் விலை. ஆண்டுக்குக் கணக்கிட்டால் 17 சதவீதத்துக்கும் மேலான வட்டி. தொழிலில் முதலீடு தேவைப்பட்டால் சீட்டு எடுக்கலாம், திருப்பூரில் பாதிப் பேர் அப்படித்தான் தறியும் தையல் மெஷினும் வாங்கினார்கள். நான்கு இரவுக்கு வேண்டாம். எஃப்.டி.யைத் தொடும் பேச்சே வேண்டாம்.

‘நோ காஸ்ட் இ.எம்.ஐ.’ பற்றி ஏஜென்டிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “முழுப் பணமும் இன்றைக்கே கட்டினால் எவ்வளவு குறைப்பீர்கள்?” அவர் ஒரு தொகை சொல்வார் பாருங்கள், அதுதான் வட்டி. அதற்கு மேல் பிராசஸிங் கட்டணம், கார்டு வட்டிமேல் 18 சதவீத ஜிஎஸ்டி என்று தனியாக வரும்.

மே மாதத்தில் போயே ஆக வேண்டும் என்றால் இரண்டு வழி சொல்கிறேன். மாலத்தீவில் ரிசார்ட் இல்லாத, மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் உண்டு. மாஃபுஷி அவற்றில் பெயர்பெற்றது. காலை உணவோடு 70 டாலருக்கு அறை என்று வைத்து, ஸ்பீட் போட், சாப்பாடு, ஆறு டாலர் பசுமை வரி (50 அறைக்கு மேற்படாத இல்லங்களுக்கு அவ்வளவுதான்), அதோடு ஒரு நாள் மட்டும் பக்கத்து ரிசார்ட்டுக்கு ‘டே பாஸ்’ என்று போட்டுப் பார்த்தேன். விமான டிக்கெட் உட்பட 2 லட்சத்துக்குள் முடிகிறது. அந்தத் தீவுகளில் மது கிடைக்காது, பீர் அந்த ஒரு நாள்தான். ஆனால் மே மாதம் அங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கும் காலம். விலை குறைவதும் அதனால்தான். அதே மே மாதம் இலங்கையின் கிழக்குக் கரை வெயிலடித்துக் கடல் அமைதியாக இருக்கும். மட்டக்களப்பு மாவட்டத்துப் பாசிக்குடாவில் வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுதான் தண்ணீர், உங்கள் மகனுக்கு ஏற்ற கடல். ஆல் இன்க்ளூசிவ் ரிசார்ட்டுகள் அங்கேயும் உண்டு, வெளியே போய்த் தமிழில் பேசிச் சாப்பிடக் கடைகளும் உண்டு. கொழும்பிலிருந்து சாலை வழியே ஏறக்குறைய ஒரு பகல் போய்விடும், அது ஒன்றுதான் சிரமம்.

என்னைக் கேட்டால், திருமண நாளை ஊரிலேயே கொண்டாடிவிட்டு மாலத்தீவு ரிசார்ட்டை 2027 ஏப்ரலுக்குத் தள்ளுங்கள். அக்டோபரில் சீட்டு முடிந்து 4.75 லட்சம் வரும். முதலில் 1.6 லட்ச நகைக்கடனை அடைத்து நகையை மீட்டுவிடுங்கள். மீதி 3.15 லட்சமும் ஆர்.டி.யும் இருக்கும். மாலேக்குப் பக்கத்தில், ஸ்பீட் போட்டில் போகக்கூடிய ரிசார்ட்டாகத் தேடுங்கள். நால்வருக்கும் போக வர 450 டாலருக்குள் அமைந்தால் போதும். மூன்று இரவு, காலையும் இரவும் மட்டும் சாப்பாட்டோடு, மதியம் கைக்காசு. இதே 440 டாலர் அறை விலையை வைத்து டிக்கெட், ஏஜென்ட் ஜிஎஸ்டி உட்பட 3.6 லட்சம் வருகிறது. டிசம்பர் கடைசி வாரம் மட்டும் வேண்டாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு இரவுகளுக்குக் கட்டாய விருந்துக் கட்டணம் என்று பல ரிசார்ட்டுகள் தனியாக வாங்கும்.

இதில் ஒரு சிக்கல். அதற்குள் உங்கள் மகளுக்கு 12 வயது முடிந்துவிடும். பெரும்பாலான ரிசார்ட்டுகளில் பிள்ளைக் கட்டணம் 11 வயது வரைதான், அதன்பின் அவள் பெரியவள் கணக்கு. படகிலும் மதியச் சாப்பாட்டிலும் சேர்த்து 150 டாலர் போலக் கூடலாம். தவிர, அறையில் மூன்றாவது பெரியவருக்கு இரவுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமும் இருக்கலாம், அதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள்.