பர்கண்டிக் கிராமங்களில் தேவாலயங்களும் கோட்டைகளும்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பிரான்ஸில் திஜோன் பக்கம் பதினாலு வருடமாக இருக்கிறேன். சனி ஞாயிறு வந்தால் ஏதாவது ஒரு கிராமத்துக் கோயிலையோ கோட்டையையோ பார்க்கக் கிளம்பிவிடுவேன். போன வாரம் அங்கே எடுத்த படங்களைப் போட்டதிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன, அதனால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன். பிரான்ஸ் முழுவதும் எனக்குத் தெரியாது. நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தது திஜோனைச் சுற்றியிருக்கிற பர்கண்டிப் பகுதிதான், அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

அக்கா, நாங்கள் பாரிஸில் இருக்கிறோம், கையில் மூன்று நாள் லீவு. எல்லாரும் லுவார் ஆற்றங்கரை அரண்மனைகளுக்குப் போகச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

லுவார் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஜூலை, ஆகஸ்டில் போனால் பாதி நேரம் வரிசையில்தான் போகும். மூன்று நாள் என்றால் பர்கண்டியின் வடக்குப் பாதியைப் பாருங்கள். முதல் நாள் குன்றின்மேல் பெரிய கோயில் இருக்கிற வெஸலே, அங்கேயே இரவு தங்கல். இரண்டாம் நாள் கெதலோன் கோட்டை. மூன்றாம் நாள் ஃபோந்தனே என்கிற பழைய துறவிகள் மடம், அப்படியே பாரிஸ் திரும்பலாம். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒன்று, ஒன்றரை மணி நேரம் போல கார் ஓட்டம். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், வழியில் ஒரு சின்னக் கோயில், அதற்கு மேல் திணிக்காதீர்கள். நான்காவது தேவாலயத்துக்குள் நுழையும்போது கண் எதையும் வாங்கிக்கொள்ளாது, இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

கார் ஓட்டத் தெரியாது. ரயிலில் போக முடியுமா?

முடியும், கொஞ்சம் திட்டமிட வேண்டும். பாரிஸ் லியோன் நிலையத்திலிருந்து மோன்பாருக்கு டிஜிவி என்கிற அதிவேக ரயில் இருக்கிறது, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து ஃபோந்தனே ஆறு கிலோமீட்டர்தான், டாக்ஸியோ சைக்கிளோ போதும். வெஸலேவுக்கு பாரிஸ் பெர்ஸி நிலையத்தில் ஏறி செர்மிஸெல் என்ற சின்ன நிலையத்தில் இறங்க வேண்டும், அங்கிருந்து பத்து கிலோமீட்டர். டாக்ஸிக்கு முந்தின நாளே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள், இறங்கின பிறகு தேடினால் கிடைக்காது.

போன வருடம் நாலைந்து கிராமத்துக் கோயிலுக்குப் போனோம், எல்லாம் பூட்டியிருந்தது. வெறுத்துப் போய்விட்டது.

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். பூட்டியிருந்தால் பார்க்க முடியாது என்று அர்த்தமில்லை, சாவி ஊரில் யாரிடமோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

பிரான்ஸில் பழைய பங்குக் கோயில்கள் பெரும்பாலும் மறைமாவட்டத்தின் சொத்து இல்லை. அரசையும் திருச்சபையையும் பிரித்த 1905 சட்டத்தை ஒட்டி, அதற்கு முன் கட்டிய கோயில்கள் அந்தந்த ஊராட்சியின் சொத்தாகிவிட்டன, பேராலயங்கள் மட்டும் அரசிடம். கூரை ஒழுகினால் ஓடு மாற்றுவது ஊராட்சியின் பொறுப்பு. அதனால் நீங்கள் தேட வேண்டியது குருவை அல்ல, மெரி என்கிற ஊராட்சி அலுவலகத்தை. குருவோ இருபது முப்பது ஊருக்கு ஒருவர்தான், ஞாயிறு திருப்பலியே ஊர் மாற்றி ஊர் நடக்கிறது. சின்ன ஊரில் மெரி வாரத்துக்கு இரண்டு மூன்று அரைநாள்தான் திறந்திருக்கும், அதனால் முதலில் கோயில் கதவைப் பாருங்கள். சாவி எந்த வீட்டில் என்று ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். தாள் இல்லையென்றால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தட்டியதும் முதல் வார்த்தை 'போன்ஜூர்'. அதைச் சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போனால் முகம் மாறிவிடும்.

ஒருமுறை நவம்பரில் இப்படித்தான் ஒரு வீட்டைத் தட்டினேன். எண்பது வயதைத் தாண்டிய பாட்டி, கையெல்லாம் மாவு. போன்ஜூர் மதாம் என்றேன், கோயிலைப் பார்க்க வந்தேன் என்றேன். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் கதவுக்குப் பின்னாலிருந்த ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்தார். என் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே பாதி நீளம் இருக்கும் இரும்புச் சாவி, பிடிக்கிற இடம் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. கொடுத்து அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன், கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தார். பூட்டில் சாவியைப் போட்டு, கதவை இடது தோளால் ஒரு தள்ளுத் தள்ளிக்கொண்டே திருப்பினால்தான் திறக்குமாம். உள்ளே ஈரச் சுண்ணாம்பு வாசனை. மணிக்கயிறு சுவரில் ஒரு கொக்கியில் சுற்றியிருந்தது. பக்கத்தில் 1914-18 போரில் செத்த ஊர்க்காரர்களின் பெயர்ப் பலகை, பதினேழு பெயர், அதில் ஐந்து பெயருக்கு ஒரே குடும்பப் பெயர். பாட்டி அந்த ஐந்தில் ஒன்றின்மேல் விரலை வைத்து, என் பாட்டனாரின் தம்பி என்றார். எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லாத கோயில் அது, சிற்பம்கூடப் பெரிதாக எதுவும் இல்லை. இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

இன்னொன்று, நாணயம் வைத்துக்கொள்ளுங்கள். ஓவியம் இருக்கிற கோயில்களில் சில இடங்களில் ஒரு யூரோ போட்டால்தான் விளக்கு எரியும். போகும்போது உண்டியலிலும் ஏதாவது போடுங்கள், ஓடு மாற்ற அந்தக் காசும் உதவும்.

வெஸலேயில் ஜூன் மாதம் தரையில் வெளிச்சம் விழுமாமே, உண்மையா?

உண்மை. ஜூன் 21-ஐ ஒட்டிய நாட்களில் சூரியன் உச்சிக்கு வரும்போது தெற்குப் பக்க மேல் ஜன்னல்கள் வழியாக வருகிற வெளிச்சம் நடு மண்டபத்தின் சரி மையத்தில் வரிசையாகத் திட்டுத் திட்டாக விழும், வாசலிலிருந்து பீடத்தைப் பார்த்து ஒரு பாதை போட்டது மாதிரி. கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் போய் நிற்காதீர்கள். கோடைக்கால நேரக் கணக்குப்படி அங்கே உச்சிப்பொழுது ஏறக்குறைய 1.45 மணி. பல பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

ஜூனில் போக முடியாவிட்டாலும் வருத்தம் வேண்டாம். முகமண்டபத்திலிருந்து உள்ளே போகிற வாசலுக்கு மேலே அரைவட்டத்தில் ஒரு பெரிய சிற்பம் இருக்கிறது, பன்னிரண்டாம் நூற்றாண்டு, நடுவில் கிறிஸ்து, அவர் விரல்களிலிருந்து சீடர்கள் தலைக்குக் கதிர்கள் போகும். உள்ளே தூண் தலைப்புகளில் ஒன்றில் மோசே மேலிருந்து தானியம் கொட்டுவார், கீழே பவுல் மாவை வாங்குவார். பழைய ஏற்பாடு தானியம், புதிய ஏற்பாடு மாவு. படிக்கத் தெரியாதவனுக்கும் ஒரு திரிகையைக் காட்டிப் புரியவைத்திருக்கிறார்கள். புனித பெர்நார்து என்ற துறவி 1146-இல் இரண்டாம் சிலுவைப் போருக்கு ஆள் திரட்டிப் பேசியதும் இந்தக் குன்றில்தான். 1840-இல் இந்தக் கோயில் இடிந்து விழும் நிலையில் இருந்தபோது 26 வயதுக் கட்டிடக் கலைஞர் வியோலெ-ல-த்யுக்கிடம் பழுதுபார்க்கும் வேலையைக் கொடுத்தார்கள். அது நடக்காமல் போயிருந்தால் நாம் இதைப் பற்றிப் பேசவே வழியில்லை.

பிள்ளைகளுக்கு எட்டும் பத்தும். கோயில் என்றாலே அலுத்துக்கொள்கிறார்கள்.

கெதலோன். வேறு யோசிக்கவே வேண்டாம். 1997-இலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு முறைப்படியே ஒரு கோட்டையைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கல்லை அங்கேயே உடைக்கிறார்கள், மரம் பக்கத்துக் காட்டிலிருந்து. பெரிய மரச் சக்கரத்துக்குள் ஆள் ஏறி நடக்க நடக்கக் கல் மேலே போகும், பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். பதின்மூன்று முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை வைத்துச் செங்கோணம் எடுப்பார்கள், மூன்று நான்கு ஐந்து என்று மடக்கி. கணக்குப் பாடத்தில் படித்ததைப் பையன் அங்கே கையில் பிடித்துப் பார்ப்பான். வேலை செய்பவர்களிடம் தாராளமாகக் கேள்வி கேட்கலாம். 2019 தீயில் எரிந்த பாரிஸ் நோத்ர்-தாம் கூரையைத் திரும்பக் கட்டிய தச்சர்களில் கெதலோனில் வேலை பழகியவர்களும் உண்டு. குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், மழை பெய்திருந்தால் சேறு, பழைய ஷூ போட்டுக்கொண்டு போங்கள்.

நிறைய சிற்பங்களில் தலையே இல்லை. யார் உடைத்தது?

பெரும்பாலும் 1789-க்குப் பின்னால் வந்த புரட்சிக் காலத்தில் உடைத்தது. அதற்கு முன் மதப் போர்களிலும் உடைத்திருக்கிறார்கள். ஆனால் ஓதன் நகரப் பேராலயத்தின் கதை நேர் எதிர். அங்கே வாசலுக்கு மேல் இறுதித் தீர்ப்புக் காட்சி, கீழே 'கிஸ்லெபெர்த்துஸ் இதைச் செய்தான்' என்று லத்தீனில் வெட்டியிருக்கும். 1766-இல் அந்தக் கோயில் குருமாருக்கே அது நாகரிகக் குறைவாகத் தெரிந்து, முழுவதையும் சாந்து பூசி மூடிவிட்டார்கள். கிறிஸ்துவின் தலை மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நின்றதால் அதை எடுத்துவிட்டார்கள். புரட்சிக்காரர்கள் வந்தபோது அங்கே வெறும் சுவர்தான் இருந்தது, உடைக்க ஒன்றுமில்லை. 1837-இல் சாந்தைப் பெயர்த்தார்கள், தலை 1948-இல்தான் உடம்போடு சேர்ந்தது. பிடிக்கவில்லை என்று பூசியது காப்பாற்றியிருக்கிறது. ஓதன் கிராமம் இல்லை, சின்ன நகரம், ஆனாலும் அந்த வாசலுக்காகவே போங்கள். கீழ்வரிசையில் ஒருவன் தலையை இரண்டு பெரிய கைகள் பிடித்து மேலே தூக்கும். அதைத் தேடிப் பாருங்கள்.

ஷாத்தோ என்றால் கோட்டையா, அரண்மனையா?

இரண்டுக்கும் பிரெஞ்சில் ஒரே சொல். சண்டைக்குக் கட்டியதும் ஷாத்தோ, பிற்காலத்தில் சொகுசுக்குக் கட்டியதும் ஷாத்தோ. மதில், கோபுரம், அகழி என்று எதிர்பார்த்தால் குன்றின்மேல் இருக்கிற ஷாத்தோநெஃப் போங்கள், கீழே பர்கண்டிக் கால்வாய் ஓடும், தூரத்திலிருந்தே தெரியும். சொகுசு வேண்டுமென்றால் புஸி-ரபுத்தன். பதினான்காம் லூயி அரசவையிலிருந்து விரட்டிய ஒரு பிரபு, திரும்பிப் போக வழியில்லாமல், தனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரையும் சுவரில் படமாக வரையவைத்துப் பக்கத்தில் குத்தலான வரிகளும் எழுதிவைத்த வீடு அது. ஒரு மனுஷனின் தனிமையை அறை அறையாகப் பார்க்கலாம்.

தனியார் குடும்பங்கள் இருக்கிற அரண்மனைகள் எப்போது திறக்கும்?

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரில் பாருங்கள். பாதுகாக்கப்பட்ட கட்டிடத்தின் உரிமையாளர் வருடத்துக்கு 50 நாளோ, அல்லது அந்த மூன்று மாதத்துக்குள் 40 நாளோ பொதுமக்களுக்குத் திறந்துவிட்டால் வரியில் கூடுதல் கழிவு உண்டு. அதனால்தான் பல வீடுகள் கோடையில் மட்டும் திறக்கின்றன. செப்டம்பர் மூன்றாவது சனி ஞாயிறு பாரம்பரிய நாட்கள், மற்ற நாளில் திறக்காத வீடுகள்கூட அன்றைக்குத் திறக்கும். உரிமையாளரே சுற்றிக் காட்டினால் கூரைச் செலவைப் பற்றிக் கேளுங்கள், மனம்விட்டுப் பேசுவார்கள்.

க்ளூனி போனோம், ஒன்றுமே இல்லையே?

இல்லைதான். க்ளூனி துறவிகள் மடத்தில் 1088-இல் தொடங்கிக் கட்டிய கோயில் 187 மீட்டர் நீளம், ரோமில் புதிய புனித பேதுரு கோயில் வரும்வரை கிறிஸ்தவ உலகில் அதுதான் பெரியது. புரட்சிக்குப் பிறகு 1798-இல் விற்றுவிட்டார்கள், வாங்கினவர்கள் கல்லுக்காக உடைத்து விற்றார்கள், நடு மண்டபத்தின் குறுக்கே தெருவே போட்டார்கள். மிஞ்சியது குறுக்கு மண்டபத்தின் தென்கை ஒன்று. அதற்குள் போய்த் தலையை அண்ணாந்து பாருங்கள், மூலையில் கிடக்கிற ஒரு துண்டே இவ்வளவு உயரம் என்றால் முழுசு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைக்கும். அப்புறம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் பெர்ஸே-லா-வீல் என்ற ஊரில் க்ளூனி துறவிகளின் சிறு சிற்றாலயம் இருக்கிறது. அதன் சுவர் ஓவியங்கள் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் இருந்து 1887-இல்தான் வெளிவந்தன. க்ளூனியின் நிறம் எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க எனக்கு உதவியது அந்த ஒரு சிற்றறைதான்.

அம்மாவுக்கு எழுபது வயது, நல்ல பக்தி. அவருக்கு ஏற்ற இடம்?

பாரே-ல-மோனியால். நம் ஊர்க் கத்தோலிக்க வீடுகளில் கூடத்தில் மாட்டியிருக்கும் திரு இருதயப் படத்துக்கும் முதல் வெள்ளி பக்திக்கும் மூலம் இந்தச் சின்ன ஊர்தான். 1673-75இல் மார்கரீத் மரியாள் என்ற கன்னியர் மடத்துச் சகோதரி காட்சி கண்டதாகச் சொன்ன சிற்றாலயம் இங்கே இருக்கிறது. என் அம்மாவை அழைத்துப்போனபோது ஒரு மணி நேரம் முழந்தாளில் இருந்தார், எழுப்ப மனம் வரவில்லை. பக்கத்திலேயே ஆற்றங்கரையில் இருக்கும் பெரிய கோயில் க்ளூனியின் சிறு நகல் மாதிரி, உங்களுக்கும் பார்க்க இருக்கிறது. ஊர் தட்டையானது, நடக்கச் சிரமமில்லை. வெஸலே பெரியவர்களுக்குக் கஷ்டம், தெரு செங்குத்து ஏற்றம்.

சாப்பாடு, உடை, கார் பற்றி இரண்டு வார்த்தை?

பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை கடைகள் எல்லாம் மூடும், கோட்டைகள் பலவும்தான். ஒன்றரைக்கு மேல் போனால் உணவகத்தில் சாப்பாடு கிடைக்காது. காலையிலேயே ரொட்டியும் சீஸும் வாங்கி வண்டியில் வைத்துவிடுங்கள், சைவக்காரர்களுக்கு அதுவே நிம்மதி. கோயிலில் செருப்பு கழற்ற வேண்டாம், தொப்பியைக் கழற்றுங்கள், திருப்பலி நடந்தால் வெளியே காத்திருங்கள். மே மாதத்திலும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். இந்திய லைசென்ஸ் என்றால் சர்வதேச அனுமதியையும் எடுத்து வாருங்கள். சிவப்பு விளிம்பு போட்ட ஊர்ப்பெயர்ப் பலகை வந்தால் வேகம் 50-தான், எண் எழுதியிருக்காது. ஊருக்குள் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிற வண்டிக்கு, வேறு பலகை இல்லாதவரை, நீங்கள்தான் நிற்க வேண்டும்.

ஒரே நாள்தான், கோட்டையும் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டும்.

செமூர்-ஆன்-ப்ரியொனே. க்ளூனியின் பெரிய கோயிலைத் தொடங்கிய ஹூக் மடாதிபதி 1024-இல் பிறந்த கோட்டை, ஒரு கூப்பிடு தூரத்தில் தேவாலயம், இரண்டுக்கும் நடுவே ஊர் முழுக்க மஞ்சள் கல் வீடுகள். காலையில் அங்கே இருந்துவிட்டு மத்தியானத்துக்கு மேல் ஆன்ஸி-ல-த்யுக் போங்கள். எண்கோண மணிக்கோபுரம், மூன்று அடுக்கு, பின்னால் மேய்ச்சல் நிலத்தில் வெள்ளை மாடுகள். ஐந்து மணி வெயில் மேற்கு வாசலில் விழும்போது அந்தக் கல் தேன் நிறமாகும், அதுவரை இருங்கள்.