கால்டரின் கம்பி நகைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: காற்றில் அசைந்தாடும் ‘மொபைல்’ சிற்பங்களுக்குப் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கால்டர், தம் கையால் நகைகளும் செய்தார் என்று படித்தேன். அவர் யாரிடமாவது நகைத் தொழில் பழகியவரா? அந்த ஆர்வம் அவருக்கு எப்படி வந்தது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பொற்கொல்லர் ஒருவரிடம் முறையாகத் தொழில் பழகியவர் அல்லர் கால்டர். 1898இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், சிற்பக் கலையைத் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். பிலடெல்பியா நகர மன்றக் கோபுரத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலை அவருடைய தாத்தா வடித்தது; தந்தையும் சிற்பி, தாய் ஓவியர். தந்தையின் உடல்நிலையை முன்னிட்டுக் குடும்பம் கலிபோர்னியாவின் பசடீனாவில் குடியேறியபோது, எட்டு வயதுச் சிறுவனாக இருந்த அவருக்குச் சில கருவிகளும், வீட்டின் நிலவறையில் வேலை செய்ய ஓர் இடமும் கிடைத்தன. தெருவில் மின்வடங்களை இணைக்க வந்தவர்கள் விட்டுச்சென்ற செம்புக் கம்பித் துண்டுகளைப் பொறுக்கிவந்து, அக்கா பெக்கியின் பொம்மைகளுக்கு அவர் செய்து போட்டவைதாம் அவருடைய முதல் நகைகள்.

அவர் கல்லூரியில் படித்தது கலை அன்று, இயந்திரப் பொறியியல். 1919இல் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஓவியம் பயின்றதும், 1926இல் பாரிஸ் சென்றதும், அங்கே கம்பியும் துணியும் தக்கையும் கொண்டு ஒரு குட்டி சர்க்கஸையே உருவாக்கியதும் அதற்குப் பிறகுதான். ஒரே கம்பியை வளைத்து வளைத்து ஒரு மனிதரின் முகத்தைக் கொண்டுவந்துவிடும் கைத்திறன் அவருக்கு அந்த ஆண்டுகளில் கைவந்தது. சிற்பத்திலிருந்து ஓய்வெடுக்க நகை செய்தார் என்று சிலர் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. முகம் வரைந்த அதே கம்பிதான் கழுத்துக்கும் காதுக்கும் வந்தது. இரண்டும் ஒரே வேலை.

கேள்வி: வீட்டில் கம்பி நகை செய்து பழகிவருகிறேன். கால்டரின் நகைகளில் சுருள் வடிவம் திரும்பத் திரும்ப வருவதைப் படங்களில் பார்க்கிறேன். இதற்குக் காரணம் என்ன? அவர் செய்முறையை விளக்க முடியுமா?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் கேள்விக்கு விடை அவருடைய செய்முறையிலேயே இருக்கிறது. கால்டர் பெரும்பாலும் பித்தளைக் கம்பியையும் வெள்ளிக் கம்பியையும் எடுத்துக்கொண்டார். பொன் அரிதாகத்தான் அவர் கைக்கு வந்தது. குறடு, சுத்தியல், அடித்துத் தட்டுவதற்கு ஓர் இரும்புப் பட்டடை ஆகியவை போதும். அவர் பற்றவைப்பதைத் தவிர்த்தார் என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. இரண்டு துண்டுகள் சேரவேண்டிய இடத்தில் ஒன்றை மற்றொன்றில் கொக்கிபோல் மாட்டினார், கம்பியால் சுற்றிக் கட்டினார், அல்லது துளையிட்டு ஆணி அறைந்தார். அப்படிச் செய்கிறவருக்குக் கம்பியின் முனை எப்போதும் ஒரு சிக்கல். வெட்டிய முனையை அப்படியே விட்டால் துணியில் மாட்டும், உடம்பில் குத்தும். அந்த முனையை உள்நோக்கிச் சுருட்டிவிட்டால் சிக்கல் தீர்வதோடு, அழகும் தானே அமைந்துவிடுகிறது.

சுருட்டியதை அவர் அப்படியே விடவும் இல்லை. பட்டடைமேல் வைத்துத் தட்டும்போது உருண்டையான கம்பி தட்டையாகி, விளிம்பு சற்றே அகன்று, சுத்தியல் பட்ட இடமெல்லாம் வெளிச்சத்தை வெவ்வேறு பக்கம் திருப்பும் சிறு முகங்களாகிவிடும். பெரும்பாலானோர் அராவி மழித்துவிடும் இந்தத் தழும்புகளை அவர் அப்படியே வைத்துக்கொண்டார். மெருகேற்றுவதற்கு முன் நீங்களும் ஒருமுறை நிறுத்தி, அந்தத் தழும்புகளைப் பாருங்கள்.

ஐரோப்பாவின் வெண்கலக் காலத்து அணிகளிலும், ஆப்பிரிக்கக் கைவினைகளிலும் இத்தகைய சுருள்களைக் காணலாம். கால்டர் அவற்றின் வலிமையை உணர்ந்தவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அடிப்படையில், கம்பியைக் கையால் முறுக்கிய மக்கள் எங்கெல்லாம் இருந்தார்களோ அங்கெல்லாம் சுருள் பிறந்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. கடற்கரையில் தேய்ந்த கண்ணாடித் துண்டு, உடைந்த பீங்கான் சில்லு போன்றவற்றையும் கம்பிக்குள் பிணைத்து நகையாக்கினார். எத்தனை சவரன் என்று கேட்டே நகையை மதிப்பிடும் நமக்கு இதை ஏற்கச் சற்று நேரம் பிடிக்கலாம்.

கேள்வி: இந்த நகைகளை அவர் யாருக்காகச் செய்தார்? விற்பனைக்கு வைத்தாரா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: 1940இல் நியூயார்க்கின் வில்லார்ட் கலைக்கூடத்தில் அவருடைய நகைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆயினும் அவர் செய்த ஏறத்தாழ 1,800 நகைகளில் பெரும்பகுதி, மனைவிக்கும் மகள்களுக்கும் நண்பர்களுக்கும் பிறந்தநாள், திருமணநாள் பரிசுகளாகப் போனவை. இன்னார்க்கென்று எண்ணிச் செய்ததால், பெயரின் முதல் எழுத்துகளையே வளைத்துச் செய்த, உடையில் குத்திக்கொள்ளும் ப்ரோச்சுகள் அவற்றில் பல உண்டு.

1931இல் லூயிசா ஜேம்ஸை மணந்தபோது, மேலே ஒரு சுருள் கொண்ட பொன் மோதிரத்தை நகைக்காரர் ஒருவரின் உதவியுடன் செய்திருந்தார். அதை நிச்சயதார்த்த மோதிரமாக ஏற்றுக்கொண்ட லூயிசா, திருமணத்துக்கு வேறொன்று வேண்டும் என்றதால், வாட்டர்பரி நகரில் 2 டாலருக்கு ஒரு மோதிரம் வாங்கப்பட்டது. கலைப் புரவலர் பெக்கி குகன்ஹெய்ம் 1942இல் நியூயார்க்கில் தம் கலைக்கூடத்தைத் திறந்த அன்று, ஒரு காதில் கால்டர் செய்த தொங்கலையும், மறு காதில் சர்ரியலிச ஓவியர் ஈவ் தாங்கி (Yves Tanguy) செய்ததையும் அணிந்து வந்தார். கால்டர் சார்ந்த அருவக் கலைக்கும், கனவுபோன்ற காட்சிகளைப் படைக்கும் சர்ரியலிசத்துக்கும் தாம் சமமாகவே இடம் தருவதாகக் காட்டிக்கொள்ள அவர் செய்த ஏற்பாடு அது.

கேள்வி: கால்டருக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு ஏதேனும் உண்டா?
– வாசகர், புதுச்சேரி

பதில்: இரண்டு தொடர்புகள் உண்டு. 1955இல் அகமதாபாத்தின் கட்டடக் கலைஞர் கீரா சாராபாயின் அழைப்பின் பேரில், பயணச் செலவுக்கு ஈடாகக் கலைப்படைப்புகள் தருவதாக ஒப்புக்கொண்டு, மனைவியுடன் அகமதாபாத் வந்து தங்கினார். சிற்பங்களோடு சில நகைகளையும் அங்கே செய்தார்.

மற்றொன்று ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் வழியாக வந்தது. அவருடைய குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துகளான ‘ஓ’, ‘கே’ இரண்டையும் இணைத்துக் கால்டர் அவருக்கு ஒரு பித்தளை ப்ரோச் செய்து கொடுத்திருந்தார். தலை நரைத்த பிறகு அந்த மஞ்சள் நிறம் தமக்கு எடுக்கவில்லை என்று கருதிய ஓ’கீஃப், அதே வடிவத்தை இந்தியாவில் வெள்ளியில் செய்வித்து அணிந்துகொண்டார்.