“பழையதைத் தேடிப் பாரும்” என்கிறார்கள், என்ன செய்ய?

கேள்வி: இரணைமடுக் குளத்துக்குக் கீழே மூன்று ஏக்கர் செய்கிறோம். நெல்லின் அடித்தண்டில் கபில நிறப் பூச்சிகள் மொய்க்கின்றன. முகநூல் விவசாயக் குழுவில் படம் போட்டுக் கேட்டேன். “நூறு தரம் கேட்ட கேள்வி, பழைய பதிவுகளைத் தேடும்” என்று ஏசினார்கள். தேடினால் ஆளுக்கொரு மருந்து சொல்லியிருக்கிறார்கள். நான் புதிதாகக் கேட்டது பிழையா?
- வாசகர், கிளிநொச்சி

பதில்: தம்பி, கேட்டது பிழையில்லை. ஏசினவர் அந்தப் பழைய பதிவின் இணைப்பை ஒட்டிவிட்டு ஏசியிருக்கலாம். அதற்கு ஒரு நிமிடம் போதும். ஏசுவதற்கும் அவ்வளவுதான் ஆகும்.

ஆனால் தேடுவதில் பலன் இருக்கிறது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அறக்கொட்டியான் மாதிரித்தான் தெரிகிறது. அது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்து சாறு உறிஞ்சும், வயல் வட்டம் வட்டமாகக் காயும், நெருக்கி விதைத்து யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் அதிகமாகப் பெருகும். இதெல்லாம் பத்து வருடத்துக்கு முந்தின பதிவில் இருந்தாலும் இன்றைக்கும் சரிதான். பூச்சி தன் பழக்கத்தை மாற்றவில்லை.

மாறுவது மருந்தும் பசளையும் சட்டமும். அதனால் பழைய பதிவைத் திறந்தவுடன் முதலில் திகதியைப் பாருங்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள், நவம்பரில் நீக்கினார்கள். அந்தக் காலபோகத்தில் (மாரிகால நெற்செய்கையில்) யூரியா கிடைக்காமல் அந்தரப்பட்டவர்கள் எழுதிய அளவுகளை இன்றைக்கு நம்பிப் போட முடியுமா? வரம்புப் புல்லுக்கு அடிக்கும் கிளைபோசேற்றும் அப்படித்தான். 2015இல் தடை, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்வு, 2022இல் தடை நீக்கம். எந்த வருடம் எழுதினது என்று பார்க்காமல் வாசித்தால் தலை சுற்றும்.

தேடும்போது ஒரே சொல்லோடு நிற்காதீர்கள். எங்கள் ஆட்கள் ஒருவர் அறக்கொட்டி என்பார், இன்னொருவர் கபில நிறத் தத்தி என்பார், மிச்சப்பேர் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியிருப்பார்கள். மூன்றையும் போட்டுப் பாருங்கள்.

அப்புறம், பதிவை விட அதற்குக் கீழே உள்ள கருத்துகளை வாசியுங்கள். நான் முக்கியமாகத் தேடுவது கேட்டவர் திரும்பி வந்தாரா என்பதைத்தான். “இதை அடித்தேன், நின்றது”, “காசுதான் போனது” என்று அவர் எழுதியிருந்தால் அந்த ஒரு வரி பத்துப் பேரின் ஆலோசனைக்குச் சமம். முக்கால்வாசிப் பேர் திரும்பி வருவதேயில்லை. விளைந்தாலும் வரமாட்டார்கள், எரிந்தாலும் வரமாட்டார்கள். அப்படி ஒருவரின் பதிவு கிடைத்தால் அதன் கீழேயே “அண்ணை, அந்த முறை கடைசியில் என்ன நடந்தது?” என்று கேளுங்கள். அவருக்கு அறிவித்தல் போகும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தயங்காமல் புதிதாகக் கேளுங்கள். “வயலில் பூச்சி, என்ன மருந்து?” என்று மட்டும் போட்டால் ஏச்சுத்தான் வரும். என்ன இனம், பயிருக்கு எத்தனை நாள், யூரியா கடைசியாக எப்போது போட்டது, வயலில் தண்ணீர் நிற்கிறதா, என்னென்ன பதிவுகளைப் பார்த்தீர்கள், அவற்றில் எது விளங்கவில்லை என்று எழுதுங்கள். படம் முழு வயலையும் காட்டத் தேவையில்லை. அடித்தண்டைக் கிட்டவாக எடுத்தால் போதும்.

குழுவில் பதில் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். யூரியாவை நிறுத்துங்கள். வாய்க்காலில் திரும்பத் தண்ணீர் வரும் என்ற நிச்சயம் இருந்தால் வயலை மூன்று நாலு நாளைக்கு வடியவிடுங்கள். கண்ட மருந்தையும் அடிக்காதீர்கள். அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகள்தான் முதலில் சாகும். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது பூச்சியோடு ஒரு நெற்பயிரைப் பிடுங்கிப் பையில் கட்டிக்கொண்டு போய் உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அறுவடை முடிந்ததும் என்ன அடித்தீர்கள், என்ன நடந்தது என்று அந்தக் குழுவில் எழுதிவிடுங்கள்.