தமிழ்வழி மாணவர்களுக்கு ‘திஸ், தட், தீஸ், தோஸ்’ கற்பிப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் ஆறாம் வகுப்புத் தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கிறார். ‘திஸ், தட், தீஸ், தோஸ்’ ஆகிய நான்கு சொற்களும் ஓரிடத்தில் புரோநவுனாகவும் வேறோரிடத்தில் அட்ஜெக்டிவாகவும் வருவதை எத்தனை முறை விளக்கினாலும் மாணவர்கள் குழம்புகிறார்கள், எளிய வழி உண்டா என்பது அவருடைய கேள்வி. நானும் அதே வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பவன். புரோநவுனா அட்ஜெக்டிவா என்பதை ஒரே பாடவேளையில் முடித்துவிடலாம். அதற்கான கருவி மாணவர்களிடமே இருக்கிறது. ஒருமை பன்மைக்குத்தான் வாரக்கணக்கில் நேரம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலான வகுப்பறைகளில் நேரப் பங்கீடு இதற்கு நேர்மாறாக இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் எளிய பகுதி. ஆங்கிலம் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்கிறது. தமிழோ இரண்டு வேலைக்கும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது. ‘இது, அது’ என்பவை தனித்து நின்று பொருளைக் குறிக்கும் சுட்டுப் பெயர்கள். ‘இந்த, அந்த’ என்பவை பெயருக்கு முன்னால் மட்டுமே வரும். தமிழ் இலக்கணத்தில் இவற்றைச் சுட்டுத்திரிபு என்று மாணவர்கள் படிக்கிறார்கள். எனவே வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன். ‘திஸ் இஸ் மை புக்’ என்றால் ‘இது என் புத்தகம்’, ஆகவே புரோநவுன். ‘திஸ் புக் இஸ் மைன்’ என்றால் ‘இந்தப் புத்தகம் என்னுடையது’, ஆகவே அட்ஜெக்டிவ். ‘ஐ லைக் திஸ்’ என்பது ‘இதை’ என்று வேற்றுமை உருபு ஏற்று வந்தாலும் அடியில் இருப்பது ‘இது’தான் என்பதை அவர்களே கண்டுகொள்கிறார்கள்.

அடுத்து நவுன் வந்தால் அட்ஜெக்டிவ், வெர்ப் வந்தால் புரோநவுன் என்னும் வழக்கமான விதி தவறன்று. ஆனால் ‘தட் ஓல்ட் ரெட் பஸ்’ என்று இடையில் இரண்டு சொற்கள் புகுந்தவுடன் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். ‘அந்தப் பழைய சிவப்புப் பேருந்து’ என்று சொல்லிப் பார்க்கும் மாணவர் தடுமாறுவதில்லை. இந்தச் சோதனை வழுக்கும் இடம் ஒன்றும் உண்டு. ‘ஐ வான்ட் திஸ் ஒன்’ என்பதைத் தமிழில் ‘எனக்கு இது வேண்டும்’ என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்திலோ அங்கே பெயரின் இடத்தில் நிற்பது ‘ஒன்’, ‘திஸ்’ அதற்கு அடைமொழி. இதை மட்டும் விதிவிலக்காகச் சொல்லிவிடுகிறேன். புதிய இலக்கண நூல்கள் அட்ஜெக்டிவ் என்பதற்குப் பதிலாக டிடர்மினர் என்கின்றன. ஆறாம் வகுப்பில் அந்தப் பெயர் மாற்றத்தைப் பெரிதுபடுத்தத் தேவையில்லை.

இனி உண்மையான சிக்கல். ‘திஸ் புக்ஸ் ஆர் மைன்’, ‘திஸ் இஸ் மை பென்ஸ்’ போன்ற வாக்கியங்கள் நம் மாணவர்களின் விடைத்தாள்களில் ஓயாமல் வருகின்றன. இதைக் கவனக்குறைவு என்று சொல்லிச் சிவப்பு மையால் சுழித்துவிட்டுப் போவது நியாயமன்று. தமிழில் ‘இந்தப் புத்தகம்’, ‘இந்தப் புத்தகங்கள்’ இரண்டிலும் ‘இந்த’ மாறுவதில்லை. ‘இவை’ என்னும் பன்மைச் சொல் நம்மிடம் இருந்தாலும் அது எழுத்தில் மட்டுமே வாழ்கிறது. வீட்டில் எந்தப் பிள்ளையும் ‘இவை என் பேனாக்கள்’ என்று சொல்வதில்லை, ‘இதெல்லாம் என் பேனா’ என்றே சொல்கிறது. அஃறிணைப் பெயருக்குக் ‘கள்’ சேர்ப்பதும் நமக்குக் கட்டாயமில்லை. ‘பத்து மாம்பழம் வாங்கினேன்’ என்பது பிழையற்ற தமிழ். ‘மாடு வந்தது’, ‘மாடு வந்தன’ என இரண்டு முடிபும் ஏற்கும் இத்தகைய சொற்களுக்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணமே பெயர் சூட்டியிருக்கிறது. ஆகவே ‘திஸ் புக்ஸ்’ என்று எழுதும் மாணவர் தன் தாய்மொழியின் ஒழுங்கை அப்படியே பின்பற்றுகிறார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘திஸ் இஸ் எ புக்’, ‘தீஸ் ஆர் புக்ஸ்’ என்னும் இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எத்தனை இடத்தில் மாற்றம் நிகழ்ந்திருக்கிறது என்று தேடச் சொல்கிறேன். ‘திஸ்’ என்பது ‘தீஸ்’ ஆகிறது, ‘இஸ்’ என்பது ‘ஆர்’ ஆகிறது, ‘எ’ மறைந்துவிடுகிறது, ‘புக்’ என்பது ‘புக்ஸ்’ ஆகிறது. நான்கு இடங்களும் ஒன்றாக மாற வேண்டும் என்பதைக் கண்ணால் கண்டபிறகு, ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை விட்டுவிட்ட வாக்கியங்களைக் கொடுத்துத் திருத்தச் சொல்வது நல்ல பயிற்சி. இதே பயிற்சியில் அடைமொழி வாக்கியங்களையும் கலந்துவிட வேண்டும். ‘தட் பாய் இஸ் டால்’, ‘தோஸ் பாய்ஸ் ஆர் டால்’ என்னும் இணையில் ‘டால்’ மட்டும் மாறாமல் நிற்பதைப் பார்க்கும்போது, ஆங்கிலத்தில் மற்ற அடைமொழிகளுக்கு இல்லாத பன்மை வடிவம் இந்தச் சுட்டுச் சொற்களுக்கு உண்டு என்பது தானாகவே வெளிப்படும். ‘சிசர்ஸ்’, ‘டிரவுசர்ஸ்’ போன்றவை ஒரே பொருளானாலும் ‘தீஸ்’ கேட்கும் என்பதையும், ‘பர்னிச்சர்’, ‘நியூஸ்’ போன்றவை ‘தீஸ்’ ஏற்காமல் ‘திஸ்’ உடன் சேரும் என்பதையும் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கலாம். ‘திஸ் பேன்ட்’ என்பது நம் ஊர்த் துணிக்கடைகளில் நிலைத்துவிட்ட வழக்கு. அதனுடன் போராடுவதில் எனக்கு ஆர்வமில்லை.

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதி உண்டு. ‘திஸ்’, ‘தீஸ்’ இரண்டுக்கும் இறுதி ஒலியும் ஆங்கிலத்தில் வேறுபடும்; ‘தீஸ்’ இறுதியில் வரும் அதிர்வொலி நம் பிள்ளைகளுக்கு எளிதில் வராது. ஆனால் குறில் நெடில் வேறுபாடு அவர்களுக்கு இயல்பாகவே தெரியும் என்பதால், முதலில் அதைப் பிடித்துக்கொண்டாலே கேட்பவருக்கு ஒருமையா பன்மையா என்று விளங்கிவிடும்.

தொலைவைக் கற்பிக்கும் முறையில் நாம் காலங்காலமாக ஒரு தவறு செய்து வருகிறோம் என்று கருதுகிறேன். ஆசிரியர் பேனாவைக் கையில் உயர்த்தி ‘திஸ் இஸ் எ பென்’ என்கிறார். கடைசி வரிசை வரை வகுப்பு முழுவதும் அதையே சேர்ந்து ஒப்பிக்கிறது. அந்தப் பேனா ஆசிரியருக்குத்தான் அருகில் இருக்கிறது. மாணவர்களுக்கு அது ‘தட்’. சேர்ந்து ஒப்பிக்கும் பயிற்சி இந்தப் பாடத்துக்கு மட்டும் எதிராக வேலை செய்கிறது, ஏனெனில் சுட்டு என்பது பேசுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அதற்குப் பதிலாக ஒரு மாணவரைச் சன்னலருகிலும் மற்றொருவரைக் கதவருகிலும் நிறுத்தி, ஆளுக்கொரு பொருளைக் கொடுத்து, இருவரும் இரண்டு பொருள்களைப் பற்றியும் பேசுமாறு செய்தால், ஒருவருடைய ‘திஸ்’ மற்றவருக்குத் ‘தட்’ ஆவதை நேரில் காண்பார்கள். இலங்கையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பேச்சில் வழக்கொழிந்த ‘உது, உந்த’ அங்கே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. முன்னால் நிற்பவரின் கையில் இருப்பதை ‘உது’ என்று சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் அதற்குத் தனிச்சொல் இல்லை, ‘தட்’ என்றே சொல்ல வேண்டும் என்பதை எடுத்துச் சொல்வது அவசியம்.

மனிதர்களைச் சுட்டும்போது மரியாதை குறுக்கிடுகிறது. ‘திஸ்’ என்றால் ‘இது’ என்று மனத்தில் பதிந்துவிட்டதால், ‘திஸ் இஸ் மை பாதர்’ என்று எழுதச் சில மாணவர்கள் கூசுகிறார்கள். ‘ஹி இஸ் மை பாதர்’ என்று மாற்றிவிடுகிறார்கள். ஒருவரை அறிமுகப்படுத்தும் அந்த முதல் வாக்கியத்தில் ‘திஸ்’ என்பது ‘இவர்’ என்னும் மரியாதைக்குக் குறைவானதன்று, அடுத்த வாக்கியத்திலிருந்து ‘ஹி’ என்று தொடர வேண்டும் என்று விளக்கினால் தயக்கம் நீங்கும். தொலைபேசியில் தன் பெயரைச் சொல்லும்போதும் ‘திஸ் இஸ்’ என்றே தொடங்குவார்கள். மறுமுனையில் இருப்பவர் யார் என்று கேட்பதற்குப் பிரித்தானியர் ‘ஹூ இஸ் தட்?’ என்றும் அமெரிக்கர் ‘ஹூ இஸ் திஸ்?’ என்றும் சொல்வது வழக்கம்.

முதல் வாக்கியத்தில் சுட்டிவிட்டு அடுத்ததில் சுட்டில்லாத சொல்லுக்கு மாறும் இந்தப் பழக்கம் பொருள்களுக்கும் பொருந்தும். ‘வாட் இஸ் திஸ்?’ என்ற கேள்விக்கு ‘இட் இஸ் எ பென்’ என்பதே இயல்பான விடை. ‘வாட் ஆர் தீஸ்?’ என்று கேட்டால் ‘தே ஆர் பென்ஸ்’. தமிழில் ‘இது என்ன?’ என்றால் ‘இது பேனா’ என்று சுட்டையே திருப்பிச் சொல்வதால், மாணவர்கள் விடையிலும் ‘திஸ்’ போடுகிறார்கள். அதைவிட அவர்களை வியக்கவைப்பது பேனாக்களைத் ‘தே’ என்று சொல்வதுதான், ஏனெனில் ‘தே’ என்றால் ‘அவர்கள்’ என்று மட்டுமே அவர்கள் மனப்பாடம் செய்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைக் கற்பிக்கும் முதல் நாளிலேயே ‘அவர்கள், அவை’ என்று இரண்டு பொருளையும் சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது. ‘ஹி செட் தட்’ என்று ‘என்று’ பொருளில் வரும் ‘தட்’ இந்தப் பாடத்தைச் சேர்ந்ததன்று. யாரேனும் கேட்டால் ஒரு வரியில் விடை சொல்லிவிட்டு, மேல் வகுப்புக்கு விட்டுவிடுங்கள்.