குழல் பளபளக்கிறது, அடுத்த தோட்டா ஏறவில்லை

வாசகர் கேள்வி பதில். இந்த இதழில் துப்பாக்கிப் பராமரிப்பு. பதில் சொல்பவர் பினாங்கு ஜார்ஜ்டவுனில், லைசன்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையொன்றில் நெடுங்காலம் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: எங்களுக்குக் கூலிம் பக்கம் செம்பனைத் தோட்டம் இருக்கிறது. காட்டுப்பன்றித் தொல்லைக்காக முறைப்படி லைசன்ஸ் எடுத்து ரெமிங்டன் 1100 என்ற ஷாட்கன் ஒன்று வைத்திருக்கிறேன். சுட்டுவிட்டு வந்ததும் குழலைத் துடைத்து, எல்லா இடத்திலும் தாராளமாக எண்ணெய் அடித்துவிடுவேன். அப்படியும் முதல் வெடி வெடித்ததும் காலித் தோட்டா பாதியில் மாட்டிக்கொள்கிறது, அடுத்தது ஏறுவதில்லை. ஸ்பிரிங் போய்விட்டதா?
- வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: ஸ்பிரிங்மேல் பழி போட அவசரப்படாதீர்கள் ஐயா. நீங்கள் துடைப்பது குழலை. அழுக்கு உட்கார்ந்திருப்பது வேறு இடத்தில்.

1963இல் வந்த இந்த 1100, வாயுவால் இயங்குகிற துப்பாக்கி. வெடித்ததும் குழலுக்குள் எழும் வாயுவில் கொஞ்சம், குழலின் அடிப்பக்கத்துச் சிறு துளை வழியாக இறங்கி, குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் தோட்டாக் குழாயைச் சுற்றியிருக்கும் பிஸ்டனைப் பின்னால் தள்ளும். அந்தத் தள்ளலில்தான் போல்ட், அதாவது குழலின் பின்பக்கத்தை அடைத்து நிற்கும் நகரும் இரும்புப் பாகம், பின்னால் போய், காலித் தோட்டாவைத் தூக்கி எறிகிறது. முன்பிடிக் கட்டையைக் கழற்றினால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பலர் அதைக் கழற்றுவதே இல்லை.

முதலில் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிடுங்கள். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையிலும் தோட்டாக் குழாயிலும் ஒன்றும் இல்லையென்று கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, முன் மூடியைத் திருகி எடுத்தால் கட்டையும் குழலும் கழன்று வரும். பிறகு போல்ட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை மெதுவாக முன்னால் விடுங்கள். சும்மா விட்டால் 'டப்'பென்று அடிக்கும், விரல் போய்விடும்.

இப்போது தோட்டாக் குழாயின்மேல் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் தெரியும். அதை மெல்ல உருட்டி எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். வெடிப்போ அறுபட்ட தடமோ இருந்தால் உங்கள் கோளாறு பெரும்பாலும் அதுதான். வாயு அங்கே கசிந்துவிட்டால் போல்ட்டுக்குப் போதிய உந்துதல் கிடைக்காது. விலை மிகக் குறைவான பாகம், புதிது போடுங்கள். இந்த வளையத்தைச் சால்வென்ட்டில் (கரியைக் கரைக்கும் திரவத்தில்) ஊறவைக்காதீர்கள், ரப்பர் கெட்டுவிடும்.

அடுத்து பிஸ்டனும் அதன் வளையமும். எந்த முகம் முன்னால் இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். அடிப்பிடித்த சட்டிபோல் கரி இறுகியிருக்கும். சால்வென்ட் தடவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, பித்தளைப் பிரஷால் தேயுங்கள். தோட்டாக் குழாயின் வெளிப்புறத்தையும் அப்படியே. குழலின் வாயுத் துளையைப் பைப் கிளீனரால் சுத்தம் செய்தால் போதும். கம்பி விட்டோ டிரில் விட்டோ துளையைப் பெரிதாக்கினால் துப்பாக்கி தன்னைத்தானே அடித்து நொறுக்கிக்கொள்ளும்.

எண்ணெய்க்கு வருகிறேன். தாராளம் என்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. பிஸ்டன் பகுதியில் எண்ணெய் நின்றால் சூடான வாயு பட்டுப் பிசினாகும், கரி அதிலேயே ஒட்டும். அங்கே உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் சரி. போல்ட் உராயும் இடங்களில் விரல் நுனியால் தடவும் அளவு போதும். தேங்காய் எண்ணெய், சமையல் எண்ணெய் எதுவும் வேண்டாம். துருப்பிடித்த ஆணி கழற்ற அடிக்கும் ஸ்பிரேயையும் நிரந்தர எண்ணெயாக நம்பாதீர்கள்.

தோட்டா உட்காரும் அறையையும் மறக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. அறைக்குள் மெல்லிய துரு சொரசொரப்பாகப் படிந்தாலும் காலித் தோட்டாவைக் கவ்விக்கொள்ளும். குழலைவிடக் கொஞ்சம் பெரிய பிரஷால் தேய்த்து எடுங்கள். தோல் உறையிலோ பஞ்சு வைத்த பெட்டியிலோ மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், அவை ஈரத்தைப் பிடித்து வைக்கும். இரும்பு அலமாரியில் சிலிக்கா ஜெல் போட்டு, குழல்வாய் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். அப்போது எண்ணெய் மரக்கட்டைக்குள் இறங்காது. அடுத்த முறை சுடப் போகும்முன் உலர்ந்த துணி ஒன்றைக் குழலில் ஓட்டி, மறுமுனை வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். குளவி மண்கூடு கட்டிய குழலும் என் மேசைக்கு வந்ததுண்டு. அதோடு சுட்டிருந்தால் குழலே வெடித்திருக்கும்.

இதற்குப் பிறகும் மாட்டினால் லைசன்ஸ் உள்ள பழுதுபார்ப்பவரிடம் போங்கள். பின்கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை அவர் பார்க்கட்டும்.

கேள்வி: மகன் டெக்சாஸில் வேலை செய்கிறான். மான் வேட்டைக்கு பிரௌனிங் பார் என்ற அரைத் தானியங்கி ரைஃபிள் வாங்கியிருக்கிறான். குழலை எந்தப் பக்கமிருந்து துடைப்பது என்று கேட்கிறான்.
- வாசகி, கெப்போங், கோலாலம்பூர்

பதில்: பின்பக்கமிருந்து துடைப்பதுதான் நல்லது அம்மா. ஆனால் 1967இல் வந்த அந்த ரைஃபிளில் பின்பக்கம் மூடியிருப்பதால் கம்பியை வாய்ப்பக்கமிருந்துதான் விட வேண்டியிருக்கும். கம்பி உரசி வாயின் விளிம்பு தேய்ந்தால் குறி தவறும், அதனால் பித்தளைக் காப்பு ஒன்றைப் பொருத்திக்கொள்ளச் சொல்லுங்கள். பிரஷ் கோத்த இழுகயிறு இருந்தால் அறைப்பக்கமிருந்தே இழுத்துவிடலாம், எனக்கு அதுதான் பிடிக்கும். பிஸ்டன் பகுதி இதிலும் உலர்ந்தே இருக்க வேண்டும்.

கேள்வி: அப்பா போன மாதம் காலமாகிவிட்டார். அவருடைய துப்பாக்கி அலமாரியில் துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கிறது. எடுத்துத் துடைத்து வைக்கலாமா?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: உங்கள் வருத்தம் புரிகிறது தம்பி. ஆனால் லைசன்ஸ் அப்பாவின் பெயரில் இருந்தது, மகன் என்பதால் மட்டும் அது உங்களுக்கு வந்துவிடாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசன்ஸ் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். இன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போய், இறப்புச் சான்றிதழையும் லைசன்ஸையும் காட்டிச் சொல்லுங்கள். துப்பாக்கியை நீங்களாக வண்டியில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதை எப்படி ஒப்படைப்பது என்று அவர்களே சொல்லட்டும். துருவை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம்.